லிவியாத்தானுக்கு எந்த நம்பர் தூண்டில்?

எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கிறவர்கள். போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் வீடு. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, வள்ளத்தில் கால் வைத்ததும் வாந்தி எடுக்கிற ஒரே ஆண்பிள்ளை நான். பதினாறு வயதில் ஒருமுறை என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கரை மறையும் முன்பே வள்ளத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. அன்று கரைக்கு வந்த ஒரே சரக்கு நான்தான். ஏலம் கேட்கத்தான் ஆளில்லை. வேறு வழியில்லாமல் படித்தேன். குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஆனேன். கடலைக் கரும்பலகையில் மிக நன்றாக வரைவேன்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், நிஜக் கடலில் படகு ஓட்டுகிறவர். அவரும் அவருடைய கூட்டாளியும் பள்ளிக்கூடத்தை ஒரே நாளில் விட்டுவிட்டு ஒரே நாளில் கடலுக்குப் போனவர்கள். எட்டு மாதத்துக்கு முன்பு, நடுக்கடலில் ஒரு விடியற்காலையில், அவர்கள் படகில் ஒரு சரக்குக் கப்பல் இடித்தது. கீழே படுத்திருந்த தொழிலாளிகள் தப்பினார்கள். மச்சான் தப்பினார். கூட்டாளி கிடைக்கவில்லை. கப்பலும் நிற்கவில்லை.

கூட்டாளியின் வீடு மச்சான் வீட்டிலிருந்து மூன்றாவது. அவருடைய மனைவி முதல் ஒரு மாதம் தினமும் வந்து கேட்டாள்.

“கடைசியில என்ன நடந்துதுண்ணு மட்டும் பறயுங்க அண்ணே. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.”

“ஒறங்கிட்டு கெடந்தேன் மக்கா. ஒண்ணும் அறியேன்” என்பார் மச்சான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் நம்பவில்லை. பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். மச்சான் கடலுக்குப் போவதையும் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். முற்றத்தில் உட்கார்ந்து, யாரும் கொண்டுபோகாத தூண்டில்களைத் துருப்பிடிக்காமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவ தலைக்குள்ள அந்தக் கப்பல் தெனமும் இடிச்சிட்டு இருக்கு” என்றாள் என் மனைவி. “அண்ணன் வாயத் தொறந்தாத்தான் அது நிக்கும். நீங்க ஊரெல்லாம் வாய் ஓயாம பேசுவியளே, அவரப் பேச வைக்க ஒங்களால ஏலாதா?”

என் வாய்க்கு ஒரு வேலை வந்துவிட்டதில் எனக்குப் பெருமைதான். வாய்ப்பும் தானாக வந்தது. எங்கள் ஊரில் பத்திருபது வீடுகள் சேர்ந்தது ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் மாலைச் செபம். வேதம் வாசித்த பிறகு ‘பகிர்வு’ என்று ஒன்று உண்டு. வாசகம் தன் மனதில் என்ன சொன்னது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எல்லாரும் ‘கடவுள் பெரியவர்’ என்று சொல்லிவிட்டுச் சுக்குக்காப்பிக்குக் காத்திருப்பார்கள். அடுத்த வாரம் மச்சான் வீட்டு முறை. வாசிப்பது நான்.

பைபிளில், சொத்து, சுகம், பிள்ளைகள் எல்லாவற்றையும் இழந்த ஒரு நல்ல மனிதன் ‘ஏன் எனக்கு?’ என்று கடவுளைக் கேட்கும் பகுதியை எடுத்தேன். கடவுள் ஏன் என்று பதில் சொல்வதில்லை. பதிலுக்கு இரண்டு பெரிய மிருகங்களைக் காட்டுகிறார். கரையில் பெகிமோத், கடலில் லிவியாத்தான். பெகிமோத்துக்கு எலும்பெல்லாம் வெண்கலக் குழாய். ஒரு நதியே வாய்க்குள் பாய்ந்தாலும் அசையாது. (நம் குழித்துறை ஆறு அதற்கு ஒரு மடக்குக்குக் காணாது.) லிவியாத்தானின் செதில் கேடயம், மூச்சு நெருப்பு. இதைப் பிடிக்க உன்னால் முடியுமா, மனிதா, என்று கேட்கிறார். மனிதன் வாயடைத்துப் போகிறான். மச்சானுக்கு இது பொருந்தும் என்று தோன்றியது. ஏற்கெனவே வாயடைத்துப் போனவரைப் பேச வைக்க, ஒருவன் வாயடைத்துப் போன கதையைத் தேர்ந்தெடுத்த என் புத்தியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் மெச்ச மாட்டார்கள்.

ஒரு வாரம் கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். யூதர்களின் பழங்கதைகளில் இந்த இரண்டுக்கும் துணையாக வானத்தில் ஒரு பறவையும் உண்டு. நடுக்கடலில் நிற்கும், தண்ணீர் அதன் கணுக்காலளவுதான். பயணிகள் ஆழமில்லை என்று எண்ணிக் குளிக்கப் போனார்களாம். இறங்காதீர்கள், ஏழு வருடத்துக்கு முன் ஒரு தச்சன் இங்கே தவறவிட்ட கோடரி இன்னும் தரை தொடவில்லை என்று வானத்திலிருந்து குரல் வந்ததாம். ஐரோப்பாவின் பழைய கோயில் ஓவியங்களில் நரகத்தின் வாசல் என்பதே லிவியாத்தானின் திறந்த வாய்தான். இப்போது என் வகுப்புப் பிள்ளைகள் அதை விளையாட்டுச் செயலியில் சுட்டு வீழ்த்துகிறார்கள். எவ்வளவு பெரிதாய் இருந்தாலும் கடைசியில் எல்லாப் பூதமும் நம் கைப்பேசிக்குள் வந்து அடங்கிவிடுகிறது என்று ஒரு வரி எழுதி, அதை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.

செபத்தன்று இருபது பேர் இருந்தார்கள். மச்சான் கடைசி நாற்காலியில், வாசலைப் பார்த்து. அந்தப் பெண் மட்டும் வரவில்லை. நான் தொண்டையைச் செருமி வாசித்தேன். தூண்டில் போட்டு லிவியாத்தானைத் தூக்குவாயா என்று கடவுள் கேட்கும் இடத்தில், அந்த மனிதன் கலங்கிப்போன மாதிரி இவர்களும் கலங்கட்டும் என்று கொஞ்சம் நிறுத்தினேன்.

“எந்த நம்பர் தூண்டில்?” என்றார் முன்வரிசைப் பெரியப்பா. நாற்பது வருடம் சுறாத் தூண்டில் போட்டவர்.

“பெரியப்பா, அது கேள்வியில்ல. முடியாதுண்ணு அர்த்தம்.”

“முடியாதுண்ணு யாரு பறஞ்சா? கயிறு அறுக்காம கம்பி கெட்டணும். பெரிய சூரை மீன முழுசா இரை குத்தணும். ஒரு நாள் முழுக்க இழுத்து ஓடட்டும், எளைச்சுப் போவும்.”

“ஆண்டவரு கேக்காரு, நீரு வெலை பேசுதீரு” என்றார் இன்னொருவர்.

“கடல்ல போகாதவன்கிட்ட கேட்டா முடியாதுண்ணுதாம்லே சொல்லுவான். எங்கிட்ட கேக்கணும்.”

கடவுளின் மிகக் கம்பீரமான கேள்விக்கு என் ஊர் ‘முடியும்’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் செதிலில் தூண்டில் ஏறாது என்று ஒரு கட்சி. ஏறாத இடத்தில் எதற்குப் போட வேண்டும், வாய்க்குள்தானே போட வேண்டும் என்று ஒரு கட்சி. அடுத்த வசனம் கூட்டாளிகளும் வியாபாரிகளும் அதைப் பங்கு போடுவதைப் பற்றி. அதை வாசித்திருக்கவே கூடாது. படகுக்குப் பாதி போனால் மீதியில் ஆளுக்கு எவ்வளவு என்று தகராறு கிளம்பியது.

நிலைமையைக் காப்பாற்றுவதாக நினைத்து யூதக் கதையை எடுத்து விட்டேன். ஆதியில் லிவியாத்தான் ஆணும் பெண்ணுமாக இரண்டு இருந்ததாகவும், உலகம் தாங்காது என்று கடவுள் பெண்ணைக் கொன்று, கடைசிக் காலத்தில் நல்லவர்களுக்கு விருந்து வைப்பதற்காக உப்பில் போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னேன்.

“அப்பம் கருவாடா!” என்றாள் மீன் விற்கும் மயினி. “மோட்சத்துக்குப் போயும் நமக்குக் கருவாடுதானா மக்கா?”

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மச்சானைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வாசலையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிச்சத்த வாசி மச்சான்” என்றார்.

எட்டு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம். வாசித்தேன். அதன் கண்கள் விடியற்காலம் இமை திறப்பதைப் போல இருக்கும் என்பதையும், அது போன தடம் பின்னால் வெளுத்துக் கிடக்கும், கடலுக்கே நரை விழுந்ததுபோல என்பதையும்.

“அது சரிதான்” என்றார் மச்சான்.

எல்லா நாற்காலியும் அவர் பக்கம் திரும்பியது.

“அது போன பெறவு தண்ணி வெளுத்துதான் கெடந்துது. ரொம்ப நேரம். நரைச்ச முடி மாதிரியேதான். ஆனா கண்ணுண்ணு வாசிச்சியே, அது சரியில்ல. லைட்டு இருந்துது. கண்ணு இல்ல. கண்ணு இருந்தா நம்மளப் பாத்திருக்கும்லா? இடிச்சது அதுக்கே தெரியாது மச்சான்.”

மெழுகுவத்தியைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

“நான் ஒறங்கல. காவல் எனக்க முறை. மழ தூறிச்சு, குளிரு. ‘லேய், செத்த நேரம் வீல புடி, சாயா போட்டுட்டு வாறேன்’னு அவன எழுப்பி நிறுத்தினது நான். அடுப்புப் பத்த வைக்கேன், அவன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். ஒரே ஒரு விளி. கேலியா விளிக்கான்னு நெனச்சேன். எப்பமும் அப்படித்தான் விளிப்பான்.”

‘கடவுள் பெரியவர்’ என்று யாரும் சொல்லாத முதல் பகிர்வு அதுதான். எனக்கு என் ஒரு வாரப் படிப்பு ஞாபகத்துக்கு வந்தது. நெருப்பு மூச்சு, கேடயச் செதில், நரகத்தின் வாய். பழைய ஆட்கள் எவ்வளவு பயந்தாலும் தங்கள் பூதத்துக்கு ஒரு கண் வைத்துவிட்டிருந்தார்கள். கண் இருந்தால் அதனிடம் ஏன் என்று கேட்கலாம். கோபித்துக்கொள்ளலாம். கடவுள் தினமும் சில மணி நேரம் லிவியாத்தானோடு விளையாடுகிறார் என்றுகூட ஒரு கதை உண்டு. அப்படியானால் அது யாருக்கோ வேண்டிய பிராணி. மச்சான் பார்த்தது யாருக்கும் வேண்டாத இருட்டு. அதன்மேல் கோபிக்க வழியில்லாமல், அவர் எட்டு மாதமாகத் தன்மேலேயே கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மச்சான் எழுந்தார். நானும் எழுந்தேன்.

“நீ வரண்டாம்” என்றார். “நீ வந்தா மூணு வீடு தாண்டுறதுக்குள்ள அதுக்கு வாலும் றெக்கையும் வைப்ப.”

கூட்டாளியின் வீட்டுக்குத் தனியாகப் போனார். நாங்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, செபத்தை முடிக்கவும் தெரியாமல், குடிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அழுகைச் சத்தமோ ஏச்சோ கேட்கும் என்று எல்லாருடைய காதும் மூன்றாவது வீட்டில் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கடைசியில் நான் முற்றத்துக்குப் போய், தாழ்ந்த மதில்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது.

இருவரும் அவள் வீட்டு முற்றத்து மணலில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் விரலால் ஒரு படகு வரைந்திருந்தார். பெரிய படகு, முற்றத்தில் பாதி.

“இஞ்ச நான். அடுப்பு இதுல” என்றார்.

“அவரு?”

“இதுல. வீலுக்கிட்ட.”

“எந்தப் பக்கம் பாத்து நிண்ணாரு?”

மச்சான் காட்டினார். அவள் நகர்ந்து போய், அவர் காட்டிய இடத்தில், அவர் காட்டிய பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, “அப்புறம்?” என்றாள்.

பின்னால் வந்த என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “அங்க என்ன பார்வை? உள்ள வாருங்க.”

உள்ளே போனேன்.