ஆடிக்கு நிறுத்திய பத்திரம்

"ஆடி முடியட்டும் மாப்ள" என்று பிச்சைமுத்து சொன்ன சொல் வீரமலைக்கு இன்று வரைக்கும் ஆறவில்லை. அக்கா புருஷனாயிற்றே என்று அன்றைக்கு அதற்கு மேல் பேசாமல் விட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ விஷயத்துக்கு இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறார்கள். எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் அது அந்த ஆடியில் போய்த்தான் நிற்கும்.

பிச்சைமுத்து துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். எடமலைப்பட்டி புதூரிலேயே தெருத் தெருவாக மாறியாயிற்று. ஒரு வீட்டில் தண்ணீர்த் தகராறு. இன்னொரு வீட்டில் ஓனர் மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் சாமானை ஏற்றி இறக்கியது வீரமலையின் லோடு வண்டி.

"இந்த பீரோ சுத்துன ஊரு நான்கூட சுத்துனதில்ல மாமா. இதுக்கு ஒரு லைசென்ஸ் எடுத்துக் குடுங்க, அதுவே ஓட்டிக்கிட்டுப் போயிரும்."

"சிரிடா சிரி. எனக்குன்னு ஒரு வாசல் வாங்காம விடுறதில்ல."

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் தளம் போட்ட ஒரு சின்ன மெத்தை வீடு விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் சிவசங்கர் சென்னையில் வேலையில் இருந்தார். அப்பா செத்த பிறகு பூட்டிக் கிடந்த வீடு. பார்த்ததுமே பிச்சைமுத்துவுக்குப் பிடித்துவிட்டது. பட்டறையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் அட்வான்ஸாகக் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் எழுதினார். கெடு ஆடி பிறந்த அஞ்சாம் நாள் முடிகிறது.

பேங்கில் கடன் சேங்ஷன் ஆனது. அப்புறம்தான் பூதம் கிளம்பியது. வீட்டுக்குக் கடன் கொடுக்கிறவன் பத்திரச் செலவுக்குத் தர மாட்டானாம். பத்திரம் எழுதுகிற காஜா மைதீன் கணக்குப் போட்டுச் சொன்னார்.

"முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் நாலு. நூத்துக்குப் பதினொண்ணு எடுத்து வைங்க. நீங்க பேசுன விலைக்கு இல்ல, கவர்மெண்ட் போட்டிருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு. அது கூடத்தான் இருக்கு."

பிச்சைமுத்து வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் டீயைக் குடிக்கவே இல்லை. அக்கா வள்ளிக்கண்ணு தாலிச் செயினைக் கழற்றி அடகு வைத்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. அதுவும் பற்றவில்லை. வீரமலை தன் லோடு வண்டியை விற்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனாகத்தான் விற்றான். மறுநாளிலிருந்து கூலிக்கு வண்டி ஓட்டப் போனான்.

பணம் திரள்வதற்குள் ஆனி முடிந்துவிட்டது.

"ஆடியில எவனாச்சும் கிரயம் பண்ணுவானா? மொத மொதல்ல வாங்குற வீடு. ஆடி முடியட்டும் மாப்ள. ஆவணி மொத முகூர்த்தத்துல பதிஞ்சுக்கலாம்" என்றார் பிச்சைமுத்து.

காஜா மைதீன் கண்ணாடியைக் கழற்றினார். "ஆடியும் ஆவணியும் உங்களுக்குத்தாங்க. கெடுவுக்குக் கெடையாது. சரி, அவரைக் கூப்பிட்டு ஒப்பந்தத்துக்குப் பின்னாடி ஒரு மாசம் நீட்டிச்சு எழுதி, கையெழுத்து வாங்கிருங்க."

"போன்ல பேசிட்டேன் பாய். அவரும் 'ஆடியில வேணாம், ஆவணியிலேயே வச்சுக்கலாம்'னுதான் சொன்னாரு. வாயால சொன்ன மனுஷன்கிட்டப் போயி கையெழுத்துப் போடுன்னா, என்ன நெனைப்பாரு?"

"என்ன வேணா நெனைக்கட்டுமே" என்றான் வீரமலை.

"உனக்கு மரியாதை தெரியாதுடா."

பதினெட்டாம் பெருக்கு அன்று அம்மா மண்டபத்தில் கூட்டம் நெருக்கியது. வள்ளிக்கண்ணு படித்துறையில் விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். புது வீட்டுக்கும் சேர்த்து ஒரு கயிறு வாங்கி வைத்திருந்தாள். அப்போதுதான் சிவசங்கரின் போன் வந்தது. பேச்சில் ஒரு குறையும் இல்லை. வேறு பார்ட்டி கூடுதல் விலைக்குக் கேட்கிறதாம். கெடு தாண்டிவிட்டதாம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறபடி அட்வான்ஸ் திரும்ப வராதாம்.

"நீங்கதானே சார் ஆவணின்னு சொன்னீங்க?"

"சொல்லியிருக்கலாங்க. எழுதலையே."

வீரமலை சென்னைக்கு பஸ் ஏறக் கிளம்பினான். பிச்சைமுத்து அவன் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வக்கீலைப் பார்த்தார்கள். கேஸ் போடலாம், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். அவர் கேட்ட பீஸைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். வண்டி விற்ற பணத்தைப் பிச்சைமுத்து அன்று சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஆனால் வாங்கினவன் வண்டியை அதற்குள் வேறு கைக்கு மாற்றியிருந்தான். அடகு வாங்கின பணம் அடுத்த வாடகை வீட்டுக்கு மாறுவதிலேயே கரைந்து, தாலிச் செயின் வட்டியில் முழுகிப் போனது.

அதற்கப்புறம் பிச்சைமுத்து வீட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். ஆனால் மறுபடியும் அட்வான்ஸ் சேர்க்க ஞாயிற்றுக்கிழமையும் வெல்டிங் புகைக்குள் நின்றார். சேர்ந்தது பாதி. மீதி சேர்வதற்குள் நுரையீரல் போய்விட்டது. அந்தப் பாதியும் மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் கரைந்தது. "மரியாதை பார்த்தீங்களே, அந்த மரியாதை இப்ப வந்து ஸ்கேனுக்குக் கட்டுமா?" என்று வீரமலை ஒருநாள் கேட்டான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். டாக்டர் வீரமலையைத் தனியாகக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடச் சொன்னார். அன்று மத்தியானம் ஹவுஸ் ஓனரம்மா வள்ளிக்கண்ணுவுக்குப் போன் செய்தாள். உள்ளே சிக்னல் இல்லாததால் ஜன்னல் ஓரம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடிந்தது.

"அண்ணன் எப்படி இருக்காரும்மா? நல்லாயிருவாரு, கவலைப்படாத. மாடியில எம் பொண்ணு மாசமா வந்திருக்கா, தெரியும்ல? அதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கம்மா."

வள்ளிக்கண்ணு "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற மாதிரி வெளியே போனாள்.

கட்டிலில் கிடந்தவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. மூக்கில் வைத்ததை விலக்கிவிட்டு வீரமலையைக் கையால் கூப்பிட்டார். அவன் குனிந்தான்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத மாப்ள. அந்தம்மாகிட்டப் போயி வாசல்ல போடலாமான்னு கேட்டுக்கிட்டும் நிக்காத. உங்க அக்கா அங்கதான் இருந்தாகணும். இங்கேருந்து நேரா ஓயாமரி சுடுகாட்டுக்குக் கொண்டு போயிரு."