பதினொரு மணிக்கு வந்த வாழ்த்து

டெட்லெஃப், ஜெர்மனியில் எங்கள் லூனெபுர்க் நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவர். இருபத்திரண்டு வருடங்களாக அதுதான் வேலை. எந்த நிறுத்தத்தில் நிறுத்திக் கேட்டாலும் அடுத்த வண்டி எப்போது என்று பலகையைப் பார்க்காமலே சொல்வார். வண்டி வராவிட்டால் அது வண்டியின் குற்றம். அவர் மட்டும் அலுவலகத்துக்கு சைக்கிளில்தான் போவார். பேருந்துகள் நேரத்துக்கு வராது என்பது அவருக்குத் தெரியும்.

மனைவி சீக்ரூனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரில் பாதிப் பேரின் பார்வையைத் திருத்தியவள். ஆனால் நாற்பது வயதுக்குப் பிறகும் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு வெவ்வேறு திசைகளில் நடந்து பார்த்துத்தான் வந்து சேர்வாள். ஓர் இலையுதிர் காலத்தில், கடையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட முதுகுப்பைகள் இரண்டை அவள் வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள்.

"பை வாங்கியாச்சு. இனிமே ஆசியாவுக்குப் போயே ஆகணும்."

"பை மலிவா கிடைச்சதுக்காக ஆசியாவுக்குப் போறதா?"

"ஆமா. முழு விலை கொடுத்திருந்தா ஆஸ்திரியாவோட நிறுத்தியிருக்கலாம்."

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஜனவரியில், ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பில், இருவரும் கிளம்பினார்கள்.

நேபாளத்தில் முதல் அடி விழுந்தது. நமக்கும் அவர்களுக்கும் நாலே முக்கால் மணி நேர வித்தியாசம். நாலு என்றால் சரி, ஐந்து என்றாலும் சரி. இந்த முக்காலை டெட்லெஃப் தன்னைக் குறிவைத்துச் செய்ததாகவே எடுத்துக்கொண்டார். இதை யார் முடிவு செய்தது என்று விடுதிக்காரரிடம் விசாரித்தார். அந்த மனிதர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தேநீர் கொடுத்தார்.

தாய்லாந்தில் விடுதிக்கார அம்மாள் "ரெண்டு மணிக்குப் பஸ்" என்றாள். இவர்கள் பகல் இரண்டு மணிக்குப் பைகளோடு சாலையோரத்தில் நின்றார்கள். பொழுது சாய்ந்ததும் அங்கே மணியை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள் என்பதும், அவள் சொன்ன இரண்டு நம்முடைய எட்டு என்பதும் எட்டு மணிக்குப் பேருந்து வந்தபோதுதான் புரிந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் சீக்ரூன் அடுத்த கடைக்காரியிடம் வலை பின்னக் கற்றுக்கொண்டாள். பயணத்திலேயே சிறந்த நாள் அதுதான் என்பாள். டெட்லெஃப் தன் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு எதிரே 'வீண்' என்று எழுதினார்.

அதே குறிப்பேட்டில் ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். மார்ச் 14. அவருடைய அக்கா அல்மூட்டுக்கு அன்று ஐம்பது வயது நிறைகிறது. அவளோடு அவர் பேசி நாலு வருடமாகியிருந்தது.

நாலு வருடத்துக்கு முன் பக்கத்து ஊர் மருத்துவமனையில் அம்மா கிடந்தபோது அல்மூட் நண்பகலில் போன் செய்தாள். "உடனே கிளம்பு. டாக்ஸி பிடிச்சு வா."

"டாக்ஸி எதுக்கு? பன்னிரண்டு நாற்பத்தொண்ணுக்கு ரயில் இருக்கு."

ரயில் நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அம்மா பத்து நிமிடம் முன்னால் போய்விட்டாள். அல்மூட் வாசலில் நின்று சொன்னாள்: "நீ சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கே. அம்மாவுக்குத்தான் அட்டவணை தெரியல." அதோடு பேச்சு நின்றது.

ஐம்பதாவது பிறந்தநாளை விட்டால் இனி வாய்ப்பில்லை என்று டெட்லெஃப் நினைத்தார். பன்னிரண்டு அடித்ததும் முதல் வாழ்த்து தன்னுடையதாக இருக்க வேண்டும். அல்மூட் விருந்தாளிகளோடு பன்னிரண்டு வரை உட்கார்ந்திருப்பாள்; முந்தின இரவே கூடி நள்ளிரவுக்குக் காத்திருப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் ஒரு நிமிடம்கூட முந்திவிடக் கூடாது. நாளுக்கு முன்னே வாழ்த்தினால் கேடு வரும். தேவாலயப் பக்கமே போகாதவர்கள்கூட இதில் அசையமாட்டார்கள். இவர்களுடைய அப்பாவை அறுபதாவது பிறந்தநாளுக்கு முந்தின மாலையே யாரோ வாழ்த்திவிட்டார்கள். மறுநாள் கேக் வாங்கப் போன இடத்தில் அவருக்குக் கால் முறிந்தது. அந்தக் கதையை வீட்டில் அதிகம் சொன்னவள் அல்மூட்.

பதிமூன்றாம் தேதி சுமத்ராவிலிருந்து கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை ஏழேகாலுக்குக் கோலாலம்பூர் பேருந்து. பினாங்குக்கும் நமக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஏழு என்றால் இங்கே நள்ளிரவு. ஏழுக்குப் போன், ஏழேகாலுக்குப் பேருந்து. அழகான இணைப்பு என்று டெட்லெஃப் மகிழ்ந்துபோனார்.

காலையில் கதவைத் திறந்துவிட எழுப்பியபோது விடுதிக்காரன் முனகினான். சோம்பேறி என்று டெட்லெஃப் நினைத்தார். வெளியே கன்னங்கரேலென்று இருந்தது. பேருந்து நிலையத்தில் பேருந்து எதுவும் வந்து நிற்கவில்லை. அதுவும் அவருக்கு வியப்பளிக்கவில்லை. தேநீர்க் கடைக்காரர் சின்னையா அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கினார் டெட்லெஃப். கடைச் சுவரில் இருந்த கடிகாரம் ஆறைக் காட்டியது.

"உங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி ஓடுது."

"அது சரியாத்தான் ஓடுது, பாஸ். நீங்கதான் முன்னாடி ஓடுறீங்க போல."

டெட்லெஃப் பரிவோடு சிரித்துக்கொண்டார். கடைக்குப் பக்கத்திலேயே போன் கூண்டு. தன் கைக்கடிகாரத்தில் விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் எண்களை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"அல்மூட்! டெட்லெஃப் பேசறேன். பிறந்தநாள் வாழ்த்துகள்! ஐம்பது!"

மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டும் சிரிப்பும் நின்றன.

"எங்கேயிருந்து பேசறே?"

"பினாங்கிலேருந்து."

"அங்க மணி என்ன?"

"ஏழு. சரியா ஏழு."

"இங்க பதினொண்ணு, டெட்லெஃப். இன்னும் பதிமூணாம் தேதி."

"இருக்காது. நான் கணக்குப் போட்டுத்தான்..."

"அம்மாவுக்கும் கணக்குப் போட்டுத்தான் வந்தே."

'டிக்' என்று ஒரு சத்தம். அட்டை வெளியே துருத்திக்கொண்டு வந்தது. அட்டை தீர்ந்து இணைப்பு போனதா, அவள் வைத்ததால் போனதா? அவருக்கு விளங்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு மீன்கொத்தியின் படம்தான் இருந்தது.

சீக்ரூன் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னாச்சு?"

"அங்க மணி பதினொண்ணாம். முந்தின நாளாம்."

சீக்ரூன் சின்னையாவின் கடிகாரத்தைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். "டெட்லெஃப், கப்பல்ல நீ தூங்கிட்டிருந்தப்போ... உன் வாட்சை நான் பினாங்கு நேரத்துக்கு ஒரு மணி முன்னாடி தள்ளி வெச்சேன். எழுந்தா மறந்துடுவியேன்னு."

"நான் மறப்பேனா?"

"மறக்கலையா?"

"இறங்கறதுக்கு முன்னாடி நானும் ஒரு மணி தள்ளி வெச்சேன்!"

சின்னையா இரண்டு தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். "அப்போ என் கடிகாரம் சரிதானே, பாஸ்?"

டெட்லெஃப் தேநீரைத் தள்ளி வைத்தார். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபத்தில் இருந்தார். மனைவி செய்தது உதவி. அவர் செய்தது கடமை. இரண்டும் சேர்ந்து அக்காவுக்குக் கேடு.

"மறுபடி பண்ணு," என்றாள் சீக்ரூன்.

"அவளே வெச்சிருந்தா?"

"அட்டை தீர்ந்திருந்தா?"

"ரெண்டும் நடந்திருந்தா?"

"அப்போ ரெண்டு அட்டை வாங்கு."

சின்னையாவிடம் ஐந்து அட்டைகள் மிச்சமிருந்தன. ஐந்தையும் சீக்ரூன் வாங்கினாள். அடுத்த ஒரு மணி நேரம் டெட்லெஃப்புக்கு வாழ்க்கையிலேயே நீளமானது. பேருந்து வந்தது. பைகளை அடியில் ஏற்றினார்கள். ஏழு நெருங்க நெருங்க அவருக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. தன் கடிகாரத்தை இனி நம்ப முடியாது. சின்னையாவின் கடிகாரம் ஆறு ஐம்பத்தெட்டு என்றது. ஓட்டுநர் ஏழு இரண்டு என்றார். அந்த வழியாகப் போன போலீஸ்காரரை நிறுத்திக் கேட்டார். அவர் சரியாக ஏழு என்றார். ஓட்டுநர் சொன்னது சரியென்றால் முதல் வாழ்த்தை ஏற்கெனவே வேறு யாரோ சொல்லியாகிவிட்டது. சின்னையா சரியென்றால் கேடு விலக இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது.

டெட்லெஃப் தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தார். இருப்பதிலேயே பிந்தி ஓடும் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்து, அதுவும் ஏழு ஐந்து ஆகும்வரை காத்திருந்தார். வேண்டுமென்றே தாமதம். பிறகு எண்களை அழுத்தினார்.

மணி முழுதாக ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்தாள்.

"அல்மூட்?"

"அஞ்சு நிமிஷம் லேட்."

"வாழ்த்துகள்," என்றார்.

"நன்றி. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி எவனோ போன் பண்ணினான். ராங் நம்பர்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அது நீ இல்லதானே?"

டெட்லெஃப் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "எவனா இருக்கும்?" என்றார்.

மறுமுனையில் மூச்சுப்போல ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இரைச்சலா என்று புரியவில்லை. பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "டெட்லெஃப், அன்னைக்கு அம்மா உன்னைக் கேட்டா. ரயில்லதான் வருவான்னு அவளே சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டா. கோபமா சொன்னாளா, சிரிச்சுக்கிட்டே சொன்னாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அதை உன்கிட்ட கேக்கணும்னுதான்..."

வெளியே பேருந்து ஹார்ன் அடித்தது, நீளமாக. ஓட்டுநர் கை காட்டினார். சீக்ரூன் டெட்லெஃப்பைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓடிப்போய் வண்டியின் அடியிலிருந்து பைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள்.

"அது என்ன சத்தம்?"

"எங்க பஸ்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழேகாலுக்கு."

"இப்ப மணி என்ன?"

டெட்லெஃப் தன் கையைப் பார்த்தார். சின்னையாவின் சுவரைப் பார்த்தார். பேருந்து மெல்லத் திரும்பி, சாலையில் ஏறி, போனது.

"தெரியல," என்றார்.

அட்டை தீரப்போகிறதென்று கருவி கூவியது. சீக்ரூன் அடுத்ததைச் செருகினாள்.

"அப்போ உக்காந்து பேசு," என்றாள் அல்மூட்.

சீக்ரூன் பாதி விலைப் பையை அவர் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினாள். டெட்லெஃப் உட்கார்ந்தார்.