பிள்ளைக்காம்பராவில் ஒரு பத்தடி மேசை

பிள்ளைக்காம்பராவின் உத்திரம் உக்கவில்லை, உளுத்துப்போகவில்லை. அது உக்கிவிட்டது என்று துரையிடம் சொன்னவன் நான். பொய் சொன்னேன். ஒரு பில்லியட் மேசைக்காகச் சொன்னேன்.

இதோ, எழுதிவிட்டேன்... எழுதும்போது கை நடுங்கும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். நடுங்கவில்லை. அதுவும் ஒரு குற்றம்தானோ? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்காம்பரா என்பது தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் அது கல்சுவர் வைத்த நீண்ட கூடம். கூரைக்கடியில் குறுக்கே ஒரு பெரிய உத்திரம் ஓடும். அதில் வரிசையாகப் பழைய சேலைத் தொட்டில்கள் தொங்கும். அந்தோணியம்மா என்ற ஆயா ஒரு தொட்டிலைக் கையாலும் இன்னொன்றைக் காலாலும் ஆட்டிக்கொண்டு வாயால் மூன்றாவது பிள்ளையை அதட்டிக்கொண்டிருப்பாள்.

நான் அந்தத் தோட்டத்தின் கண்டாக்கு. மலையில் நின்று ஆட்களிடம் வேலை வாங்குகிறவன். காக்கிக் காற்சட்டை, தொப்பி, கையில் பிரம்பு. லயம் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்களுக்கு நான் ஐயா. துரைக்கோ, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் ஆள். இரண்டுக்கும் நடுவில் நின்று நின்று எனக்குள் எதுவோ புளித்துப் போயிருந்தது.

ஒருமுறை துரைக்கு வந்த தந்தியை எடுத்துக்கொண்டு துரைமார் கிளப்புக்குப் போனேன். நல்ல மழை. உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை. விறாந்தையில் நின்று சன்னல் கண்ணாடி வழியே பார்த்தேன். பச்சைக் கம்பளி போர்த்திய ஒரு பெரிய மேசை. அதன்மேல் தாழ்வாகத் தொங்கும் விளக்குகள். கோலை நீட்டிக் குனிந்து நின்ற ஒரு துரை. பந்தோடு பந்து மோதும் ‘டொக்’ என்ற சத்தம்... அவ்வளவுதான் பார்த்தேன். நனைந்தபடி நடந்து வீட்டுக்கு வந்தபோது, எங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கப்பலேறத் தொடங்கினார்கள். அவர்களுடைய அலுமாரிகளும் கட்டில்களும் ஹட்டன் கடைகளில் வந்து குவிந்தன. அப்படி ஒரு கடையின் பின்கட்டில்தான் அந்த மேசையைக் கண்டேன். கடைக்காரரை நாங்கள் நானா என்போம். வியாபாரிதான், ஆனால் மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

“கிளப்புல போடுறது பன்னெண்டடி மேச. பங்களாவுல போடுறது ஏழடி, எட்டடி. இது பத்தடி, கண்டாக்கையா. பெருசு கேக்கிறவருக்கு இது சின்னது, சின்னது கேக்கிறவருக்கு இது பெருசு. வாரவங்கெல்லாம் தடவிப் பாத்துட்டுப் போயிர்றாங்க” என்றார்.

“எங்களுக்குச் சரியா வரும் நானா.”

“எடத்த அளந்து பாத்தீங்களா?”

“அதெல்லாம் பாத்தாச்சு.”

பார்த்தது உண்மைதான். ஆபீசை ஒட்டி எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. பெரிய கிளாக்கரும் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கரும் நானும் அங்கேதான் மாலையில் சீட்டாடுவோம். தேயிலைக் கன்று நடும்போது பிடிக்கிற கயிற்றாலேயே அந்த அறையை அளந்தோம். மேசையைப் போட்டாலும் சுற்றிலும் ஓர் ஆள் நடக்க இடம் இருந்தது. வேறென்ன வேண்டும்? மூவரும் சேர்ந்து வாங்கிவிட்டோம்.

லொறி நின்ற இடத்திலிருந்து மேசையின் கம்பளிக்கு அடியில் வரும் கருங்கல் பலகைகளைத் தோளில் ஏற்றி வந்தவர்கள் தோட்டத்து ஆண்கள். பார்வதி என்ற கொழுந்துக்காரியின் புருஷனும் அதில் ஒருவன். “இது என்னாங்கய்யா, மேசயா, அம்மிக்கல்லா?” என்று அவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேசை நின்றது. பெரிய கிளாக்கர் கோட்டைக் கழற்றி வைத்தார், குனிந்தார், கோலைப் பின்னால் இழுத்தார். கோலின் அடி சுவரில் இடித்துக் காரை பொலபொலவென்று உதிர்ந்தது! மறுபக்கம் போய் இழுத்தார். சன்னல் கண்ணாடி போயிற்று!

டீமேக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கண்டாக்கு, கோல பாதியா வெட்டிருவோமா?”

“இந்தக் கத துரைமார் காதுக்குப் போனா நம்ம மானம் கப்பலேறிரும்” என்றார் பெரிய கிளாக்கர். அவர் சிரிக்கவில்லை.

நாங்கள் ஒருவரும் அந்த ஆட்டம் நடக்கும் அறைக்குள் கால் வைத்ததில்லையே! கண்ணாடிக்கு வெளியே நின்றவனுக்கு மேசை தெரிந்தது. மேசையைச் சுற்றி எவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்பது தெரியவில்லை. அதற்கு உள்ளே நின்று பழகியிருக்க வேண்டும்.

நானாவிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே எடுத்திருப்பார். அந்தச் சிரிப்பைத் தாங்க எனக்கு முடியாது என்று தோன்றியது... வெறும் சிரிப்பு, அவ்வளவுதான். இன்று எத்தனை பேர் வேண்டுமானாலும் சிரிக்கட்டும்!

தோட்டத்தில் அந்த மேசைக்கு ஏற்ற கூடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

எங்கள் துரையும் அப்போது சீமைக்குப் புறப்பட மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்காம்பரா உத்திரம் உக்கிவிட்டது, இனித் தொட்டில் பாரம் தாங்காது, பிள்ளைகளை மாற்றிவிட்டால் அந்த இடத்தில் தரையில் நிற்கும் சாமான் எதையாவது போடலாம் என்றேன். பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, நீயே பார்த்துக்கொள் என்றார்.

அந்தோணியம்மா மட்டும் கேட்டாள். “உத்திரமாங்கய்யா? ஒரு கிறீச்சுன்னு சத்தங்கூட கேக்கலீங்களே?”

“ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?”

அவள் தொட்டில்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிள்ளைகள் மடுவத்துக்குப் போனார்கள், மேசை பிள்ளைக்காம்பராவுக்கு வந்தது. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. தகரக் கூரை, இடுப்பளவு சுவர், அதற்குமேல் திறந்தவெளி. மழைக்காலம் தொடங்கியிருந்தது. மஸ்கெலியா மழைக்காலத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குளிர் தாங்கவில்லை, மறைப்புக் கட்டவாவது ஏதாவது கொடுங்கள் என்று அந்தோணியம்மா வந்து நின்றாள். சாக்குகள் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, நான் ஒன்றும் இரக்கமற்றவன் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஆடப் போனேன். நன்றாகவே ஆடப் பழகியிருந்தேன்.

பார்வதியின் பெண் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. செல்வி என்று பெயர். அப்போதுதான் உட்காரப் பழகியிருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். ஹட்டனுக்குக் கொண்டுபோகலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

கல்சுவருக்குள் இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? லயங்களில் அந்தக் காலத்தில் எத்தனையோ குழந்தைகள் இருமி இருமிப் போயின... இதை நான் எனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். உங்களிடமும் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் குறையவில்லை.

பெட்டி செய்யப் பலகை கொடுத்தேன். பார்வதிக்கு லீவு கொடுத்தேன். காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்த நாளின் மாலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றாள். நான் கோலுடன் வெளியே வந்தேன். உள்ளே ‘டொக்’ என்று சத்தம்.

“எம்புள்ளதான் போயிருச்சு. மத்த புள்ளைங்களையாவது இங்கன கொண்டாந்து விடுங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள்.

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் என் கைக்குள் இருந்தது! முதல் பொய்யைச் சொன்னபோது செல்வி உயிரோடு இருந்தாள். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. இப்போது எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாயைத் திறந்தேன்.

“உத்திரம் உக்கிப் போச்சு புள்ள. தொட்டில் கட்ட முடியாது.”

அவள் என் தலைக்குமேல், வாசல் வழியே தெரிந்த உத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“அப்ப நீங்களும் பாத்து இருங்கய்யா. அதுக்குக் கீழதான நின்னு ஆடுறீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே போனேன். என் முறை வந்திருந்தது. சிவப்புப் பந்தைக் குறிபார்த்துக் குழிக்குள் தள்ளினேன். டீமேக்கர் ‘பலே’ என்றார். எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு வந்த புதுத் துரைக்கு மடுவம் கொழுந்துக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பழைய இடத்துக்கே அனுப்பச் சொல்லிவிட்டார். உத்திரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மேசையை விற்கப் பார்த்தோம். பத்தடி மேசையை யார் வாங்குவார்? இத்தனை நாள் கழித்து நானாவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சீட்டாடும் அறைக்கு அதைத் திரும்பச் சுமந்து என்ன பயன்? வேறிடமும் இல்லை. அங்கேயே நின்றது.

அந்தோணியம்மா அதன்மேல் கம்பளிகளை விரித்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்தாள். சுற்றிலும் மேசையின் விளிம்பு மெத்தை உயர்ந்திருந்ததால் பிள்ளை உருண்டு விழாது. உத்திரத்தில் ஒரு தொட்டில்கூட இல்லை. கண்டாக்கையா சொன்ன உத்திரமல்லவா! அதைத் தொட எந்தத் தாய்க்கும் துணிவில்லை.

பார்வதிக்கு மறுபடி ஒரு பிள்ளை பிறந்தது. பையன். ஒருநாள் காலை நான் அந்த வழியாகப் போகும்போது அவன் மேசைமேல் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தான். பார்வதி கொழுந்துக்கூடையை முதுகில் மாட்டியபடி, கையில் ஒரு பழைய சேலையோடு நின்றாள். என்னைக் கண்டதும் வெளியே வந்தாள்.

“படுக்க மாட்டேங்கிறாங்கய்யா. இவனுக்குத் தொட்டிதான் வேணும். அந்த உத்திரத்த மாத்திட்டீங்களா? கட்டலாங்களா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்டாளா? எல்லாம் தெரிந்துகொண்டு, என் வாயிலிருந்து வரட்டும் என்று கேட்டாளா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை... உத்திரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை பார்வதி, என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

“மாத்தியாச்சு புள்ள. கட்டு” என்றேன்.

அவள் உள்ளே போய்ச் சேலையை உத்திரத்தின் மேலே வீசி, முடிச்சுப் போட்டு, தன் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தாள். உத்திரம் அசையவில்லை. அவள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாள். அழுகை நின்றது.

“மாத்திக் குடுத்தீங்களே, நீங்க நல்லா இருக்கணும் ஐயா” என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவள் மலைக்கு ஏறிப் போனாள்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.