கேசட்டுக்குள் ஒரு கரும்பலகை

“…அதான் போர்டுல போட்டாச்சுல்ல, பாத்துக்கிட வேண்டியதுதான? அதுக்கு மேல நான் என்னய்யா செய்ய?” என்றார் பேராசிரியர். அவர் எதிரே வகுப்பு இல்லை. மேசைமேல் ஒரு டேப்ரெக்கார்டர், கதவோரம் ஒரு பெண், பக்கத்தில் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்கு வகுப்பு நடத்தினோம். ராஜபாளையம் மில்களிலோ ஞாயிறும் ஷிப்ட் உண்டு. வர முடியாதவர்களுக்குப் பாடத்தைக் கேசட்டில் பதிந்து அனுப்புவது என்று ஏற்பாடு. பேராசிரியர்களை அதற்குப் பழக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. மில் வாசல் டீக்கடையில், கேசட் கேட்டவர்களிடம் வாயைக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டு தெரிந்துகொண்டதுதான்.

“ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்கதா நெனச்சுப் பேசுங்க சார். எழுதுறதை வாயாலயும் சொல்லுங்க. கேள்வி கேட்டா, அவிய யோசிக்கச் செத்த நேரம் விடுங்க.” இவ்வளவுதான் நான் சொன்னது. “எனக்கே கிளாஸ் எடுக்கியா?” என்று சிரிப்பார்கள். வேறு வழியில்லாமல் நானும் கூடச் சிரித்துவைப்பேன்.

அந்தப் பெண்ணுக்குத் தளவாய்புரம். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. புள்ளியியல் என்கிற ஒரு தாள்தான் பாக்கி. தேறிவிட்டால் அதே மில்லின் ஆபீசில் உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பஞ்சுத் தூசியில் இருமி இருமி நெஞ்செலும்பு தெரிய நின்றவளுக்கு, அது வேலை மட்டுமல்ல, மூச்சு. பரீட்சை நெருங்கியிருந்தது. ஷிப்டுக்கு முன்னால் அடித்துப்பிடித்து பஸ் ஏறி வந்து, கேசட்டை என் கையில் வைத்தாள்.

“அண்ணாச்சி, இதுல ஒரு கணக்கைச் சொல்லுதப்ப சார், ‘இது இங்க வரும், அது அங்க போகும், பாத்துக்கோங்க’ங்காரு. பொறவு கிறீச்சு கிறீச்சுன்னு சாக்பீஸ் சத்தம். நான் எதைப் பாக்க? எங்க வீட்டுச் செவத்தையா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. “வா, அவர்ட்டயே சொல்லு” என்று கூட்டிப்போனேன். சொன்னாள், பணிவாகத்தான். அதற்கு வந்த பதில்தான் அந்த ‘என்னய்யா செய்ய’.

அந்தத் தாளில் அவள் தேறவேயில்லை. ஆபீஸ் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அந்தப் பேராசிரியரின் பாடமோ அதற்குப் பிறகும் பல வருஷம் புதிய கேசட்டுகளில் பிரதி எடுக்கப்பட்டு, ஊர் ஊராகப் போனது. தபாலில் கட்டி அனுப்பியவனும் நான்தான்.

ஆனால் அன்று எனக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. கெஞ்சினேன். “சார், அந்த ஒரு கணக்கை மட்டும் இன்னொருக்கா, இந்தப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி…”

“இந்தப் பிள்ளை சத்தம் கேக்கலைங்கா, அம்புட்டுதான?” என்றார். பதிவுப் பொத்தானைத் தானே அழுத்தினார். எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, போர்டில் எழுதிக்கொண்டே தெருவரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: “இப்ப இந்த நம்பரை இந்தப் பக்கம் கொண்டாறோம்!”