பதுருன்னிசாவின் பக்கம்

பதுருன்னிசாவுக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். எல்லாச் சொல்லும் திக்காது. சில எழுத்துகளின் முன்னால் வந்து நின்றுவிடுவாள். தொண்டை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்பவர் பொறுமையிழந்து அந்தச் சொல்லைத் தாமே சொல்லி முடித்துவிடுவார். அவர் சொன்னது பெரும்பாலும் அவள் சொல்ல வந்ததாக இருக்காது. இருந்தும் தலையாட்டிவிடுவாள். அப்படி அடுத்தவர்கள் முடித்துவைத்த பேச்சுகளோடே நாற்பது வயதைத் தாண்டியிருந்தாள்.

முல்லா வீதியில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியையம்மா நல்ல மனுஷிதான். ஆனால் பதுருன்னிசாவின் முறை வந்தால் அவருக்கு மூச்சு முட்டும். "நீ கண்ணால பாரு, காதால கேளு. உனக்கு அது போதும்" என்று சுவரோரம் உட்காரவைத்துவிட்டார். மற்றப் பிள்ளைகள் ஓதுவதைக் கேட்டுக் கேட்டு, விரலை எழுத்தின்மேல் ஓட்டி ஓட்டி, அவளும் கற்றுக்கொண்டாள். எல்லாரோடும் சேர்ந்து ஓதினால் ஓர் எழுத்துக்கூடத் திக்காது. தனியாக வாயைத் திறந்தால்தான் கதவு சாத்திக்கொள்ளும்.

கணவன் ஹாஜா ஏ.சி. மெக்கானிக். அவனுடைய வாப்பா விட்டுச்சென்ற மசாலாக் கடையைப் பெரிய மார்க்கெட்டில் பதுருன்னிசாதான் நடத்திவந்தாள். பட்டை, கிராம்பு, ஏலம், நோன்பு நாட்களில் பேரீச்சம்பழம். எல்லா மூட்டையிலும் விலை எழுதிய அட்டையைச் செருகிவைத்திருப்பாள், யாரும் வாய் திறந்து கேட்டுவிடக் கூடாது என்று. எதிர்க்கடை அன்னக்கிளிக்குக் கருவாட்டு வியாபாரம். கனகசெட்டிக்குளத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குகிறவள். பதுருன்னிசா ஒரு சொல்லை முடிக்க எவ்வளவு நேரமானாலும் வெற்றிலையை மென்றபடி காத்திருப்பாள். மார்க்கெட்டில் அப்படிக் காத்திருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ரமலானுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இமாமின் பயான், வாராந்தரப் பிரசங்கம், கேட்டுக்கொண்டிருந்தது. குர்ஆனைத் தடையில்லாமல் ஓதுகிறவர் கண்ணியமான வானவர்களோடு இருப்பார் என்று நபி சொன்னதை இமாம் சொன்னார். சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுகிறவருக்கோ இறைவனிடம் இரண்டு கூலி உண்டு என்றார். ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருந்த பதுருன்னிசாவின் கை அப்படியே நின்றது.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷமாக, ஓதத் தெரிந்த இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவர்கூட இதை அவளிடம் சொன்னதில்லை.

ஜெய்த்தூன் மாமி வீட்டில் ரமலான் முழுக்கக் காலையில் பெண்கள் கூடி ஓதுவார்கள். மாமியின் கணவர் பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் இறந்த பிறகு அந்தப் பெரிய வீட்டின் கூடம் ஓதுவதற்கென்றே ஆகிப்போனது. தினம் ஒரு ஜுஸ்வு, அதாவது குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம், ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுற்றிவரும். ரமலானின் புனிதமான இருபத்தேழாம் இரவுக்குள் முழுக் குர்ஆனையும் முடிக்கவேண்டும் என்று சில நாள் கூடுதலாகவும் ஓதுவார்கள். அந்தக் கணக்கு ஒரு வருஷமும் தவறியதில்லை என்பதில் மாமிக்குப் பெருமை. சுற்று பதுருன்னிசாவிடம் வரும்போது மட்டும் ஓர் ஆளைத் தாண்டிவிடும். யாரும் எதுவும் சொல்வதில்லை. தெருவில் கிடக்கும் பள்ளத்தைத் தாண்டிப் போகிறமாதிரி அவ்வளவு இயல்பாக நடக்கும்.

இந்த ரமலானின் முதல் நாள், பக்கத்திலிருந்தவள் ஓதி முடித்ததும் அடுத்தவள் வாயெடுத்தாள். பதுருன்னிசா கையை நீட்டி மறித்தாள்.

"நா... நான் ஓதுறேன்."

ஜெய்த்தூன் மாமி கண்ணாடியைக் கழற்றினார்.

"எதுக்கு பதுரு செரமப்படுற? கேட்டாலும் நன்மைதான் புள்ள."

பதுருன்னிசா ஓதத் தொடங்கினாள். மற்றவர்கள் நாலு பக்கம் ஓதும் நேரத்தில் அவள் ஒரு பக்கம் ஓதினாள். நடுவில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஓர் இளம்பெண் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினாள். மாமியின் மருமகள் லமீஸ் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பக்கம் முடிந்தபோது பதுருன்னிசாவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

எல்லாரும் போன பிறகு மாமி அவளை நிறுத்தினார்.

"ரெண்டு கூலி ஹதீஸ் எனக்கும் தெரியும் பதுரு. ஆனா இத்தன பேரு வூட்டு வேலைய விட்டுட்டு வர்றாங்க. அவங்க நேரத்தயும் பாக்கணுமில்ல? வேணும்னா லமீஸ் உன்கூடச் சேந்து ஓதட்டும். சேந்து ஓதுனா உனக்குத் திக்காதில்ல?"

"எனக்கு ரெண்டு கூலி வேணாம் மாமி" என்றாள் பதுருன்னிசா. "எ... என் முறை வேணும்."

மறுநாள் வழக்கமான நேரத்துக்குப் போனாள். வாசலில் செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஓதி முடித்தாகிவிட்டது. நேரத்தை முன்னால் தள்ளிவிட்டோம், வாட்ஸ்ஆப் குழுவில் போட்டோமே, பார்க்கவில்லையா என்று ஒருத்தி கேட்டாள். பதுருன்னிசா போனை எடுத்துப் பார்த்தாள். பழைய குழுவில் ஒன்றும் வந்திருக்கவில்லை. புதிதாக ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

வீட்டில் ஹாஜாவிடம் சொன்னாள். "அவங்க என்ன... என்ன..."

"ஒதுக்கிட்டாங்க" என்று அவன் முடித்தான். "விட்டுடு பதுரு. ஊரு சிரிக்கற மாதிரி ஏன் பண்ணிக்கிற? வூட்லயே மனசுக்குள்ள ஓதிக்க. அல்லாவுக்குக் கேக்காதா?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒதுக்கிட்டாங்கன்னு நான் சொல்ல வரல. என்னப் பாத்துப் பயந்துட்டாங்கன்னு சொ... சொல்ல வந்தேன். இனிமே என் பேச்ச நானே முடிக்கிறேன். நீங்க முடிக்காதீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு உதவுவதாக நினைத்துச் செய்துவந்த காரியம் அது. ஹாஜாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அடுத்த சில நாட்கள், அவள் ஒரு சொல்லில் சிக்கும்போதெல்லாம் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பதை அவள் கவனித்தாள். அது அவனுக்கு நோன்பைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

கூடத்தில் இடமில்லை என்றதும் அவள் மனசுக்குள் ஓதப்போகவில்லை. தமிழ் அர்த்தத்தோடு இருந்த குர்ஆனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். மூட்டைகளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே வாய்விட்டு ஓதினாள். ஒரு வசனத்தை முட்டி மோதி ஓதுவாள். பிறகு அதன் தமிழைப் படிப்பாள். மறுபடி ஓதுவாள். சரளமாக ஓதுகிறவர்கள் பஸ்ஸில் போகிறமாதிரி கடந்துவிடும் இடங்களில் அவள் நடந்துபோகவேண்டியிருந்தது. நடந்துபோகிறவளுக்கு ஒவ்வொரு வாசலும் தெரிந்தது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கும் நேரம் முழுக்க அந்தச் சொல்லோடுதான் இருந்தாள். இத்தனை ரமலானில் எத்தனையோ முறை காதில் விழுந்த வசனங்கள், இப்போதுதான் தன்னைப் பார்த்துப் பேசுவதாக அவளுக்குத் தோன்றியது.

அவள் திக்குவதை எல்லாரும் பொறுத்துக்கொள்ளவில்லை. பேரீச்சம்பழம் வாங்க வந்த ஓர் ஆள், பொட்டலம் கைக்கு வந்ததும், அவள் மொத்தத் தொகையைச் சொல்லி முடிப்பதற்குள், "நூ... நூ... நூறா?" என்று நீட்டிக் காட்டிவிட்டுக் கூட வந்தவனைப் பார்த்துச் சிரித்தான். அன்னக்கிளி கருவாட்டுக் கூடையை நகர்த்திவிட்டு எழுந்தாள். பதுருன்னிசா கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னாள். கட்டிவைத்த பொட்டலத்தை அவன் கையிலிருந்து வாங்கிப் பிரித்து, பழத்தைத் திரும்பப் பெட்டியில் கொட்டினாள்.

"உனக்கு வியாபாரம் இல்ல. போ... போயிடு."

அவன் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனான். அன்று மாலையே மூட்டைகளில் செருகியிருந்த விலை அட்டைகளை எல்லாம் பிடுங்கி எடுத்தாள். வேண்டியவர்கள் கேட்கட்டும், தன் வாயால் சொல்லலாம்.

ஒரு மதியம் அவள் வெகுநேரம் ஓதாமல் புத்தகத்தையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அன்னக்கிளி வந்தாள்.

"இன்னா பாயம்மா, மயக்கமா வருது?"

இல்லை என்று பதுருன்னிசா தலையசைத்தாள். அன்று வரிசையை விட்டு நடுவில் தாஹா என்ற அத்தியாயத்தைத் திறந்து, மூசா நபியின் வேண்டுதலுக்கு வந்திருந்தாள். ஃபிர்அவ்ன் என்ற கொடுங்கோல் அரசனிடம் போய்ப் பேசு என்று இறைவன் மூசாவுக்குச் சொல்கிறான். மூசா கேட்கிறார்: என் நெஞ்சை விரிவாக்கு, என் காரியத்தை எளிதாக்கு, என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு, அவர்கள் என் பேச்சைப் புரிந்துகொள்ளட்டும். இதே துஆவை அவளுக்குச் சிறுவயதில் மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் ஓதுவதுதான் என்று. நாவின் முடிச்சு என்று அதில் இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அந்தக் கதையை அன்னக்கிளிக்குச் சொன்னாள். சொல்லி முடிக்க வெகுநேரமானது. நடுவில் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள்.

"நாங்க சர்ச் ஸ்கூல்ல படிக்கசொல்ல மோயீசன்னு சொல்லுவாங்க. அவருதானே?" என்றாள் அன்னக்கிளி. "அவருக்குப் பேச்சு வராதுன்னு எனக்குத் தெரியாது. நல்லாப் பேசறவன் ஊருல எத்தனையோ பேரு இருந்திருப்பான். அவரத்தான் ராஜா கிட்ட அனுப்புனாரா சாமி?"

"அவரத்தான்" என்றாள் பதுருன்னிசா. திக்காமல் வந்தது.

அந்த வாரத்தில் லமீஸ் மசாலா வாங்க வந்தாள். பணத்தைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, நாளைக்குப் பதினாறாவது ஜுஸ்வு. காலைல பத்து மணிக்கே ஆரம்பிச்சிடறோம்." சுற்றிலும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "நான் சொன்னேன்னு மாமிகிட்ட சொல்லிடாதீங்க."

தாஹா அந்தப் பதினாறில்தான் வரும். மறுநாள் கடையை அன்னக்கிளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பதுருன்னிசா பத்துக்கு முன்பே போய், கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைப் பார்த்துத் தயங்கினார்கள். ஜெய்த்தூன் மாமி உள்ளிருந்து வந்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

"தாஹால மூசா நபி துஆ வர்ற பக்கம் எ... எனக்கு மாமி."

மாமிக்குக் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "பதுரு, மூசா நபியே பேச்சுக்குத் தொணையா தன் சகோதரர் ஹாரூன் நபிய கேட்டு வாங்குனாங்க. அது உனக்குத் தெரியுமில்ல? நீயும் லமீஸத் தொணைக்கு வச்சிக்கன்னுதானே நான் சொன்னேன்? அதுல என்ன தப்பு?"

கூடமே அவளைப் பார்த்தது. பதுருன்னிசாவின் கழுத்து நரம்பு புடைத்தது. யாரும் அவளுக்காக முடித்துவைக்கவில்லை.

"கேட்டாங்க. தொணையும் கெடச்சிது. ஆனா ரெண்டு பேரயும்தான் போ... போகச் சொன்னான். மூசா, நீ வூட்ல உக்காந்து கேளுன்னு அல்லா சொல்லல."

மாமி தம் இடத்தில் உட்கார்ந்து, முதல் பக்கத்தை ஓத ஆரம்பித்தார். சுற்று வந்தது. பதுருன்னிசாவிடம் வந்தபோது தாண்டவில்லை.

அவள் சிக்குவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்த இடம் அந்தத் துஆ. அதை அவள் ஒரு தடையுமில்லாமல் ஓதிக் கடந்தாள். சிக்கியது அடுத்ததில், ஹாரூனின் பெயரில். முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றது. காற்றுதான் வந்தது. எதிரிலிருந்த லமீஸின் உதடுகள் தானாக அசைந்தன. பதுருன்னிசா கையை உயர்த்தினாள். லமீஸ் வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. பெயர் வந்தது. அதற்குமேல் மெதுவாக, திக்கியும் திக்காமலும், நீ கேட்டது உனக்குத் தரப்பட்டது மூசாவே என்ற வசனம்வரை ஓதினாள். முதல் நாள் சிரித்த பெண் இப்போது புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். சிரிக்கிறாளா, வேறேதாவதா என்று தெரியவில்லை. பதுருன்னிசா அதைப் பார்க்கவும் இல்லை.

முடிந்ததும் மாமி கடிகாரத்தைப் பார்த்தார். "இப்படிப் போனா இருபத்தேழுக்குள்ள முடியாது."

"முடியாட்டி பெருநாளைக்கு அப்பறமும் ஓதலாம் மாமி. நான் நா... நாளைக்கும் வருவேன்."

வந்தாள். தினமும் வந்தாள். வேகமாக முடிக்க விரும்பிய சிலர் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கு மாமி அவளைத்தான் காரணம் சொன்னார், அவளிடமே சொன்னார். மன்னிப்பு என்று ஒன்றை அவர் கேட்கவில்லை. ஆனால் ஒருநாளும் அவள் முறையைத் தாண்டவுமில்லை. இருபத்தேழாம் இரவுக்குள் முடியவில்லை. கடைசி நோன்பன்று மீதியை ஆளுக்குக் கொஞ்சமாக ஓதி முடித்தார்கள்.

பெருநாளன்று ஹாஜாவோடு மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். வந்திருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "இந்த ரமலான்ல தனியா எத்தன தடவ குர்ஆன் முடிச்சீங்க?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒருவர் இரண்டு என்றார், ஒருவர் மூன்று. பதுருன்னிசாவைக் கேட்டபோது ஹாஜா வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"பாதிகூட ஆ... ஆவல" என்றாள் அவள். "எனக்கு அவசரமில்ல."

பெருநாள் கழிந்து மார்க்கெட் பழைய இரைச்சலுக்குத் திரும்பிவிட்டது. அவள் இப்போதும் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு ஓதுகிறாள். நடுவில் வருகிறவர்கள் அந்த வசனம் முடியும்வரை நிற்கவேண்டும். நிற்க முடியாதவர்களுக்கு அதே வரிசையில் இன்னும் நாலு மசாலாக் கடைகள் இருக்கின்றன.