பருத்த டயரா, நடுத்தர டயரா

ஒரு மழைக்காலம் முழுவதும் நானும் என் மனைவியும் டயரைப் பற்றிச் சண்டை போட்டோம். கையகலத்துக்குப் பருத்த டயர் போட்ட சைக்கிள் வாங்குவதா, அதில் பாதி அகலமுள்ள நடுத்தர டயர் போதுமா என்பதுதான் வழக்கு. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலேயே இதைவிட உருப்படியான காரணங்களுக்குச் சண்டை போடும் தம்பதிகள் இருந்தார்கள்.

எனக்குச் சிறுமூளை சுருங்கிக்கொண்டு வருகிறது. மருந்து கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நடை தள்ளாட ஆரம்பித்ததும், நான் பகலிலேயே குடிக்கிறேன் என்று தெருவில் சிலர் முடிவு கட்டினார்கள். போகட்டும். என் கவலையெல்லாம் சைக்கிள்தான். பள்ளிக்கூட நாளிலிருந்து சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவுக்கும் ஆபீசுக்கும் கரமனையில் அக்கா வீட்டுக்கும் சைக்கிளில் போனவன் நான். பழைய சைக்கிளிலிருந்து இரண்டு தடவை விழுந்ததும் பழியை அதன் ஒல்லி டயர் மேல் போட்டேன். டயர் பருத்துவிட்டால் விழமாட்டேன். இப்படி நம்பியவன் இயற்பியல் படித்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பருத்த டயர் மணலுக்குத்தான் லாயக்கு, ஊருக்குள் மிதித்தால் காலை இழுக்கும் என்றார்கள். எங்கள் ஊரோ ஏற்றமும் இறக்கமுமானது, நாக்குத் தள்ளிவிடும். நடுத்தரம் என்றால் தார், குழி, செம்மண் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். ஆனால் பருத்தது ஆடாமல் போகும் என்று யாரோ ஒருவன் சொன்னான். அந்த ஒரு வார்த்தையை நான் விடவே இல்லை.

"ஏன்னா, சங்குமுகம் பீச்சுல மணல் ஏது? கடல்தான் எல்லாத்தையும் கொண்டுபோயிடுத்தே. அப்புறம் எதுக்குத் தடி டயர்?" என்பாள் மனைவி. சரி, நடுத்தரமே வாங்கலாம் என்று நான் இறங்கி வந்தால், "மழையில வழுக்குமே. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் ஒன்றைச் சொன்னால் மற்றதைச் சொல்வதற்கென்றே பிறந்தவள் என்று திட்டினேன். முடிவு எடுக்காத வரைக்கும் நான் ஏறமாட்டேன், ஏறாத வரைக்கும் விழமாட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் பொறுமை போய், ஆட்டோ பிடித்துக் கடைக்குக் கிளம்பினேன். அவளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். "ரெண்டையும் ஓட்டிப் பாருங்க சாரே" என்று பருத்த டயர் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். மிதிப்பதற்கு முன்பே சாய்ந்துவிட்டேன். டயரில் ஒரு குறையும் இல்லை.

நடுத்தரத்தையும் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். அதிலிருந்தும் விழுந்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். கடைக்காரர் என்னைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்தார். பிறகு என்னிடம் கேட்காமல், என் மனைவியிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"சைக்கிள் ஆருக்காக்கும், அம்மா?"

"எனக்குத்தான். அவர் சும்மா ஓட்டிப் பார்த்துச் சொல்ல வந்தார்."

அவள் பிறந்ததிலிருந்து சைக்கிளில் ஏறியதில்லை. கடைக்காரர் சீட்டைத் தாழ்த்தினார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிடிக்கத் தெரியாமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எது சௌகர்யமா இருக்கும்? நீங்களே சொல்லுங்கோ."

இனி நான் ஓட்டப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"உனக்கு நடுத்தரமே போறும்" என்றேன்.