ஒலிவ் பிடுங்கப் போகாதவள்

கைபேசியைத் திறந்ததும் சுஜானி முதலில் பார்ப்பது இத்தாலியின் கலாப்ரியா மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் வானிலையை. நாங்கள் இருக்கும் பலேர்மோவில் மழையா வெயிலா என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கப்பல் ஏணியில் ஏறும்போதே எனக்கும் அறிவித்துவிடுவாள். "அக்கா, இண்டைக்கு அங்கை மழை. ஒருத்தரும் தோட்டத்துக்குப் போகேலாது." போகாவிட்டால் உனக்கென்ன என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

நாங்கள் இருவரும் துறைமுகத்தில், நாப்போலி போய்வரும் கப்பலின் அறைகளைத் துப்புரவு செய்கிறோம். சுஜானிக்கு இருபத்திரண்டு வயது, பலேர்மோவின் சீசா வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவள். வாளியை வைக்கும் சத்தம்கூட வராது, வாய்தான் ஓயாது.

பேச்சு முழுக்க அந்த ஊரைப் பற்றித்தான். மூன்று வருடத்துக்கு முன் தாதியர் படிப்புக்குப் பலேர்மோவில் இடம் கிடைக்காமல், அந்த ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியில் கிடைத்தது. ரயில், கடல், பிறகு இரண்டு பஸ். "ஒரு பார், ஒரு மருந்துக்கடை, மிச்சமெல்லாம் கோழி அக்கா! நான் எங்கை இறங்கவேணுமெண்டு பஸ்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. பேர் சொல்லிக் கூப்பிடுறான்." எட்டாம் மாடியில் பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமல் வளர்ந்தவளுக்கு அது பயமாகவே இருந்ததாம். கதவுக் கைப்பிடியில் யாரோ முட்டைப் பையைக் கொழுவிவிட்டுப் போவார்கள். யாரென்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். குறை சொல்வதுபோலத்தான் தொடங்குவாள், முடிக்கும்போது குரல் இளகிவிடும்.

அறை வாடகைக்குக் கொடுத்தவள் எமிலியானா, தபாலகத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண். ஐப்பசியில் ஒருநாள் கதவைத் தட்டி, ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஒலிவ் பிடுங்க வா என்றாள். சுஜானியின் தாய் குகனேஸ்வரி இருபது வருடமாகச் சிஞ்ஞோராக்கள் எனப்படும் இத்தாலிய வீட்டம்மாக்களின் வீடு துடைப்பவர். மகளை அனுப்பும்போது அவர் சொன்ன புத்தி ஒன்றே ஒன்று: "சிஞ்ஞோராமார் முதலிலை சும்மா ஒரு கை உதவி எண்டுதான் கேப்பினம். பிறகு அது உன்ரை வேலையாப் போயிடும். முதல் நாளே மாட்டன் எண்டு சொல்லிப்போடு." மகள் அப்படியே சொன்னாள். நான் இங்கே படிக்க வந்தேன், வேலை செய்ய வரவில்லை. எமிலியானா சரி என்று போய்விட்டாள்.

ஞாயிறு காலை யன்னலால் பார்த்தால், தெருவே உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர், பாதிரியார், சுஜானிக்கு உடற்கூறு படிப்பிக்கிற பேராசிரியை, எல்லாரும் பழைய உடுப்போடு. "என்ரை ப்ரொபெசொரெஸ்ஸா அக்கா! தலையிலை துணி கட்டிக்கொண்டு!" பின்னேரம் சேறும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார்கள். யாரும் அவளைக் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் கூப்பிடவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராமல், மார்கழியில் படிப்பை விட்டுப் பெட்டியைக் கட்டினாள். தாயிடம் சொன்ன காரணம் குளிர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கடை வீட்டிலை கலியாணமெண்டா முதல் நாள் மரக்கறி வெட்ட எல்லாரும் வருவினமே. அது வேலையோ பிள்ளை?"

"நீங்கள் கூப்பிட்டா எனக்கு விளங்கும் அக்கா. ஒரு சிஞ்ஞோரா எங்களை அப்பிடிக் கூப்பிடுவா எண்டு நான் நினைக்கேல்லை."

அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

இந்த வருடம் அதே கல்லூரிக்குத் திரும்ப விண்ணப்பித்து, இடமும் வந்துவிட்டது. ஆனால் எந்த முகத்தோடு அந்தத் தெருவுக்குப் போவது என்று பதிவு செய்யாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். போன வியாழன், அறையொன்றில் நான் கட்டில் விரித்துக்கொண்டிருந்தபோது, நச்சரித்து நச்சரித்து எமிலியானாவுக்குக் கைபேசியில் எனக்கும் கேட்கும்படி எடுக்க வைத்தேன். குரலைக் கேட்டதும் அந்தப் பெண் மகிழ்ந்துபோனாள். சாப்பிட்டாயா, அம்மா சுகமா என்று ஒரே கேள்வி. சுஜானி, ஞாயிற்றுக்கிழமை ஒலிவ் பிடுங்க நானும் வரட்டுமா என்று கேட்டுவிட்டாள்.

"வா, வா மகளே! ஆனால் நீ ஒன்றும் செய்ய வேண்டாம். உனக்கு அது பிடிக்காது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேசை போட்டதும் வந்து சாப்பிடு, அது போதும்."

நன்றி சிஞ்ஞோரா என்று சொல்லிப் பேச்சை முடித்தாள். பயணிகளின் கட்டிலில் நாங்கள் இருக்கக் கூடாது, மேற்பார்வையாளர் கண்டால் குதிப்பார். சுஜானி கையுறையைக்கூடக் கழற்றாமல், நான் அப்போதுதான் விரித்து முடித்த கட்டிலில் இருந்துவிட்டாள்.